காத்திருக்க வைக்கும் கதைகள்

ஹினமிசாவா என்றொரு மலைக்கிராமம். 1983 ஜூன் மாதம். நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த கெய்ச்சி என்ற பையன் பள்ளிக்குப் போகிறான், தோழிகளோடு சீட்டாடுகிறான், தோற்றுப்போனதற்குத் தண்டனையாகக் கோமாளி வேஷம் போடுகிறான், மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறான். மறுநாளும் இதே கதைதான். 2002 ஆகஸ்டில் டோக்கியோவின் காமிக்கெட் என்ற சுயவெளியீட்டுச் சந்தையில் விற்பனைக்கு வந்த 'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி' கேமின் முதல் அத்தியாயம் மணிக்கணக்கில் இப்படித்தான் நகர்கிறது. கொலையும், ஆட்கள் காணாமல் போவதும், ஊர்த் தெய்வத்தின் சாபமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அதை எழுதியவர் ரியூகிஷி07 என்ற புனைபெயரில் இயங்குபவர். திகில் கதை என்று நம்பி வாங்கியவருக்கு அவர் முதலில் பரிமாறியது பள்ளிக்கூட அரட்டையைத்தான்.

விஷுவல் நாவல் என்ற இந்த கேம் வகையைச் சுற்றி நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தைப் பற்றியது. ஐம்பது மணி நேரம் ஓடினால்தான் கதை மனதில் வேர்விடும் என்பவர்கள் ஒரு பக்கம். முதல் அரை மணியில் ஒன்றும் நடக்காவிட்டால் மூடிவைத்துவிடுபவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் மணிக்கணக்கை வைத்தே வழக்காடுகின்றன. ஆனால் இந்த வகையின் நாற்பதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வாசகரின் பொறுமை மணிக்கணக்கில் தீர்ந்துபோவதில்லை என்று தெரிகிறது. முன்னால் செலவழித்த நேரத்தைப் பின்னால் கதை எடுத்துப் பயன்படுத்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விளையாடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். திரையில் பின்னணி ஓவியம் ஒன்று இருக்கும். அதன்மேல் பேசும் பாத்திரத்தின் உருவம். கீழே மூன்று நான்கு வரி கொள்ளும் எழுத்துப் பெட்டி. இசை உண்டு, பல கேம்களில் நடிகர்களின் குரலும் உண்டு. க்ளிக் செய்தால் அடுத்த வரி வரும். அங்கங்கே இரண்டு மூன்று வழிகள் காட்டப்படும். வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் கதை கிளை பிரியும். சுடுவதோ ஓடுவதோ இல்லை. வாசிப்புதான் விளையாட்டு.

இவற்றின் நீளத்தை அளக்கத் தனி முறைகளே வளர்ந்திருக்கின்றன. 2007 முதல் இயங்கும் விஎன்டிபி என்ற தரவுத்தளம் இரண்டு மணிக்குக் குறைந்தவற்றை மிகக் குறுகியவை என்றும், ஐம்பது மணியைத் தாண்டுபவற்றை மிக நெடியவை என்றும் வைத்து ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. படித்து முடித்தவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தோடு தங்கள் வாசிப்பு வேகத்தையும் பதியலாம். ஜப்பானிய ரசிகர்களோ எழுத்துக் கோப்பின் எடையைச் சொல்வார்கள். ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் ஒரு ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு பைட். ஆகவே ஒரு மெகாபைட் என்றால் ஏறத்தாழ ஐந்து லட்சம் எழுத்துகள். நேரத்தைவிட இது நம்பகமான அளவு. ஏனென்றால் இங்கே கடிகாரம் வாசகரின் விரலில் இருக்கிறது.

குரல் சேர்ந்துவிட்டால் அந்தக் கடிகாரம் இன்னும் குழம்பும். கண் படித்து முடித்த வரியை நடிகர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். பொறுமையில்லாதவர் பாதியில் க்ளிக் செய்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். குரலை ரசிப்பவர் முழுதும் கேட்பார். ஒரே கேம் ஒருவருக்கு இருபது மணி நேரம், இன்னொருவருக்கு முப்பது மணி நேரம் ஆவதில் வியப்பில்லை. 2005இல் தோமோ கத்தாவோக்கா எழுதி இலவசமாக வெளியிட்ட 'நார்சிஸ்ஸு' இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டது. மருத்துவமனையின் ஏழாம் மாடியிலிருந்து சாகும் நிலையில் உள்ள இருவர் காரில் கிளம்பி, நார்சிஸ் பூக்கள் மலரும் அவாஜி தீவுக்குப் போகும் கதை அது. குரலோடு ஒரு வடிவம், குரலில்லாமல் ஒரு வடிவம் என இரண்டையும் சேர்த்தே தந்தார் ஆசிரியர். இரண்டையும் படித்துப் பார்த்தால் மௌனத்தின் வேகம் வேறு, பேச்சின் வேகம் வேறு என்பது விளங்கும்.

வேகம் என்பது அத்தியாயக் கணக்கு மட்டும் இல்லை. அது ஒரு வரிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கேப்காம் நிறுவனத்துக்காக ஷு தக்குமி உருவாக்கி 2001இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்த 'கியாகுத்தென் சாய்பான்' ஆங்கிலத்தில் 'ஏஸ் அட்டர்னி' என்று பெயர் பெற்றது. நீதிமன்றக் கதை. எழுத்துகள் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்ற ஒலியோடு தோன்றும். சாட்சி தடுமாறும் இடத்தில் எழுத்து நின்றுவிடும். பிறகு இரண்டு சொல் மெல்ல வரும். அதன்மேல் வழக்கறிஞர் மேசையை அறைந்து ஆட்சேபம் எழுப்புவார். குரல் நடிப்பு ஏறக்குறைய இல்லாத அந்தக் கையடக்கக் கருவியில் பேச்சின் மூச்சை எழுத்தின் நடையாலேயே கொண்டுவந்தார்கள். ஒரு வழக்கு பல மணி நேரம் இழுத்தாலும் அயர்ச்சி தெரியாமல் போவதற்கு இந்த நுண்வேலைதான் முதல் காரணம்.

தொடக்க கால விஷுவல் நாவல்கள் நீளமானவை அல்ல. பின்னாளில் 'டிராகன் குவெஸ்ட்' மூலம் புகழடைந்த யூஜி ஹோரி 1983இல் எழுதிய 'போர்டோபியா' கொலை வழக்கை இந்த வகையின் மூதாதை எனலாம். 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாமுக்கு 'ஒத்தோகிரிசோ'வைக் கொண்டுவந்தது. திரை முழுக்க எழுத்து, பின்னால் படம், கூடவே நெஞ்சை அடைக்கும் ஒலிகள். சவுண்ட் நாவல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒரு முறை படித்து முடிக்க அதிக நேரம் பிடிக்காது. மறுபடி தொடங்கினால் கதை வேறு பாதையில் போகும். 1994இல் துப்பறியும் எழுத்தாளர் தகேமாரு அபிகோ எழுதிய 'காமாய்தாச்சி நோ யோரு' இதைக் கூர்மையாக்கியது. பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் கொலை நடக்கிறது. வாசகர் தவறாக ஊகித்தால் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். திரும்பிப் போய் வேறு வழியில் யோசிக்க வேண்டும். சின்னச் சின்ன வாசிப்புகள் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் இங்கே நீளம் உருவானது.

1996இல் லீஃப் நிறுவனத்தின் 'ஷிசுகு' இந்த வடிவத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. விஷுவல் நாவல் என்ற பெயர் பரவியதும் லீஃப் தன் தொடருக்கு அதைச் சூட்டிய பிறகுதான். அதன்பின் காதல் கதைகள் பெருகின. ஒவ்வொரு நாயகிக்கும் தனி ரூட், அதாவது தனிக் கிளைக்கதை. ஐந்து நாயகிகள் என்றால் ஒரு பெட்டிக்குள் ஐந்து நாவல்கள். இவற்றில் பல வயதுவந்தோருக்கான கேம்களாக, 8,800 யென் அளவிலான முழு விலையில் விற்கப்பட்டன. அவ்வளவு கொடுப்பவர் பருமனான கதையை எதிர்பார்ப்பார். கதைக்குத் தேவைப்பட்ட நீளத்தோடு கடையில் விற்கத் தேவைப்பட்ட நீளமும் சேர்ந்துகொண்டது. நெடிய கேம்களின் நடுப்பகுதியில் வாசகர் சந்திக்கும் சோர்வுக்கு எழுத்தாளரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. விலைச்சீட்டுக்கும் அதில் பங்குண்டு.

அந்த நீளத்தை வீணாக்காத படைப்புகளும் இதே காலத்தில்தான் வந்தன. 2003 பிப்ரவரியில் வெளியான 'மவ்-லவ்' அதற்குத் துணிச்சலான உதாரணம். அதன் முதல் பகுதி தகேரு என்ற பள்ளி மாணவனின் காதல் கலாட்டா. தனித்துப் பார்த்தால் நூறு கேம்களில் பார்த்த சங்கதிதான். அதை முடித்த பின்பே இரண்டாம் பகுதி திறக்கும். தகேரு ஒரு காலை விழித்தால் உலகமே மாறியிருக்கிறது. வேற்றுக்கோள் படையெடுப்பில் மனித இனம் அழிந்துகொண்டிருக்கிறது. அவனோடு படித்த அதே பெண்கள் அதே முகங்களோடு படைப்பயிற்சியில் நிற்கிறார்கள். ஆனால் அவனை யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் பகுதியான 'மவ்-லவ் ஆல்டர்னேட்டிவ்' வெளிவர வாசகர்கள் 2006 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். அதில் அந்தத் தோழர்கள் மடியும்போது வாசகர் அழுவது போர்வீரர்களுக்காக மட்டும் இல்லை, பல மணி நேரத்துக்கு முன் வகுப்பறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்காகவும்தான். முதல் பகுதியை ஒதுக்கிவிட்டு நேரே மூன்றாவதுக்குப் போனவருக்கு அந்த மரணங்கள் செய்தித்தாள் செய்தி அளவுக்கே உறைக்கும்.

2009இல் வந்த 'ஸ்டெயின்ஸ் கேட்' இதையே இன்னும் கணக்காகச் செய்தது. அகிஹபாராவில் ஒரு மாடியறை. மைக்ரோவேவ் அடுப்பையும் கைப்பேசியையும் இணைத்துக் கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நண்பர் குழு. முதல் பாதி சாவகாசமாகப் போகிறது. ஆளுக்கொரு ஆசை, ஆளுக்கொரு குறுஞ்செய்தி, அதனால் சற்றே மாறும் உலகம். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு மரணம் நிகழ்கிறது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு ரத்தும் ஒரு நண்பரின் ஆசையைப் பிடுங்குவது. முதல் பாதியில் வேடிக்கையாகத் தெரிந்த ஒவ்வொரு காட்சியும் இரண்டாம் பாதியில் ஒரு கடனாக வந்து நிற்கிறது. இந்தக் கட்டுமானத்தில் மெதுவான தொடக்கத்தைச் சுருக்கவே முடியாது. சுருக்கினால் ரத்து செய்ய எதுவும் மிஞ்சாது.

இப்படிப்பட்ட உதாரணங்களைக் காட்டி எல்லா மந்தத்தையும் நியாயப்படுத்திவிட முடியாது. கோயில் திருவிழா, கடற்கரைச் சுற்றுலா, சமையல் போட்டி என்று பள்ளிக் காதல் கேம்களின் பொதுப் பகுதியில் வரிசைகட்டும் காட்சிகளில் பல, பின்னால் ஒரு முறைகூட நினைவுகூரப்படுவதில்லை. அவை வெறும் நிரப்பல். புகழ்பெற்ற கேம்களும் இதற்கு விலக்கல்ல. கீ நிறுவனம் 2004இல் வெளியிட்ட 'கிளானாட்', குடும்பம் என்ற ஒன்றை மாணவப் பருவம் முதல் தகப்பன் பொறுப்பு வரை தொடர்ந்து பார்க்கும் அரிய படைப்பு. தந்தையோடு பேச்சில்லாமல் வளர்ந்த தொமோயா தானே தந்தையாகும் பிற்பகுதி இந்த வகையின் உச்சங்களில் ஒன்று. அதை அடைய மற்றப் பாத்திரங்களின் கதைகளை முடித்து ஒளித்துகள்களைச் சேர்க்க வேண்டும். அந்தக் கிளைக்கதைகளில் சில பிற்பகுதிக்கு வலு சேர்க்கின்றன. வேறு சில வழியடைப்பாகவே நிற்கின்றன.

கிளை பிரியும் கதைக்கே உரிய இன்னொரு நோய், படித்ததையே மறுபடி படிப்பது. இரண்டாம் நாயகியின் கதைக்குப் போக முதல் ஐந்து மணி நேரத்தை மீண்டும் கடக்க வேண்டும். ஏற்கெனவே படித்த வரிகளை மட்டும் பறக்கவிடும் ஸ்கிப் வசதி அதற்காகவே வந்தது. 2004இல் வெளியான 'ஃபேட்/ஸ்டே நைட்' மூன்று பாதைகளையும் ஒரே வரிசையில்தான் திறக்கும். பொதுவான பகுதிகளைக் கடக்க இந்த வசதிதான் துணை. கொத்தாரோ உச்சிகோஷியின் '999' 2009இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தபோது மறுவாசிப்பு கதையின் ரகசியத்தோடேயே பின்னப்பட்டிருந்தது. ஆனாலும் தீர்த்த புதிர்களையே மீண்டும் தீர்க்க வேண்டியிருந்தது பெரிய இடைஞ்சல். அடுத்து 2012இல் வந்த 'வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' கதையின் கிளைகள் அனைத்தையும் ஒரு வரைபடமாக விரித்து, வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவ விட்டது. 2017இல் '999'ஐ மறுவெளியீடு செய்தபோது அதற்கும் இந்த வரைபடம் கிடைத்தது. கதையில் ஒரு வரிகூட நீக்காமல் நீளத்தின் அலுப்பைக் குறைத்த சீர்திருத்தம் இது.

சுன்சாஃப்ட்டின் '428' இன்னொரு பாதை கண்டது. 2008இல் வீ கருவியில் வந்த இந்தக் கதை ஷிபுயா பகுதியில் ஒரே நாள் காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நடக்கிறது. ஐந்து பேரின் கதைகள் மணிக்கு மணி இணையாக ஓடுகின்றன. ஒருவர் கதை முட்டுச்சந்தில் நின்றால் இன்னொருவர் கதைக்குப் போய் அங்கே ஒரு முடிவை மாற்ற வேண்டும். சலிப்பு தட்டும் இடத்தில் பாத்திரம் மாறிவிடுகிறது. மொத்தத்தில் நீண்ட கேம்தான். ஆனால் எந்தத் துண்டும் நீளமாகத் தெரிவதில்லை. 'ஃபாமிட்சு' இதழ் இதற்கு நாற்பதுக்கு நாற்பது மதிப்பெண் வழங்கியது.

ஹிகுராஷியின் காத்திருப்பு வேறு வகை. அதில் கதையைத் திருப்பும் தேர்வுகள் இல்லை. எட்டு அத்தியாயங்கள், 2002 ஆகஸ்ட் முதல் 2006 ஆகஸ்ட் வரை காமிக்கெட் சந்தைகளை ஒட்டி வந்தன. முதல் நான்கு கேள்விகளை எழுப்புபவை, பின் நான்கு விடை சொல்பவை. இடைப்பட்ட மாதங்களில் வாசகர்கள் கொலையாளி யார் என்று வாதாடினார்கள், தடயங்களைத் தேடி முந்தைய அத்தியாயத்தின் சீட்டாட்டக் காட்சிகளைக்கூடத் திரும்பப் படித்தார்கள். தேர்வு செய்யும் வேலைக்குப் பதிலாக ஊகிக்கும் வேலையைக் கொடுத்திருந்தார் ஆசிரியர். அந்த வேலைக்கு அவகாசம் தேவைப்பட்டது. இன்று எட்டையும் ஒரே மூச்சில் படிப்பவருக்குக் கதை கிடைக்கும், அந்த இடைவெளி கிடைக்காது. 2007இலிருந்து 2010வரை வந்த அவரது அடுத்த தொடர் 'உமினெக்கோ'வும் இப்படியே. ஒரு தீவு மாளிகையில் சொத்துத் தகராறு. முதல் கொலைகள் தெரியவருவது இரண்டாம் நாள் காலையில். அதற்குள் வாசகர் ஒரு முழு நாவல் அளவுக்குக் குடும்பச் சண்டையைக் கேட்டு முடித்திருப்பார்.

காத்திருப்பையே விற்பனைப் பொருளாக்கிய கேம்களும் உண்டு. தென்கொரியாவின் செரிட்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'மிஸ்டிக் மெசஞ்சர்' பதினோரு நாள் நடக்கும் கதை. வாசகரின் கைப்பேசிக் கடிகாரப்படியே அது ஓடும். பாத்திரங்களின் அரட்டை அறை பின்னிரவிலும் திறக்கும். அந்த நேரத்தில் வராவிட்டால் தவறிப்போகும். தவறியதைத் திரும்பப் பெறக் கேமுக்குள் புழங்கும் மணற்கடிகாரங்களைச் செலவிட வேண்டும். அவற்றைக் காசு கொடுத்தும் வாங்கலாம். உண்மையான ஒருவரின் செய்திக்காகக் காத்திருக்கும் தவிப்பை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்த கேம்கள் குறைவு. கூடவே, வாசகரின் தூக்கத்தையும் பணப்பையையும் இப்படி ஒன்றாக நெருக்குவது முறையா என்ற கேள்வியும் நிற்கிறது. ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மணி நேரப் பூட்டைப் போட்டு, காத்திரு அல்லது காசு கொடு என்று சொல்லும் கைப்பேசிக் கதைச் செயலிகளில் அந்தத் தவிப்புக்குக் கதைக் காரணம்கூட இல்லை.

குறுங்கதைகள் ஓசையில்லாமல் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நெடுங்கதைகளுக்குப் பெயர்போன கீ நிறுவனமே 2004 இறுதியில் 'பிளானடேரியன்' என்ற தேர்வுகளில்லாத சிறு கதையைப் பதிவிறக்க விற்பனையாக வெளியிட்டது. போரில் அழிந்த நகரம். அங்கே ஒரு கோளரங்கம். முப்பதாண்டுகளாக வராத பார்வையாளருக்காகக் காத்திருக்கும் ரோபோ பெண். ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். அங்கே ஒரு கிளைக்கதை சேர்த்திருந்தால்கூட அந்தத் தனிமை கெட்டுப்போயிருக்கும். 2020இல் வந்த 'அத்ரி' பத்து மணி நேர அளவில் நின்றுகொண்டு, அதற்கேற்ற குறைந்த விலையில் இணையத்தில் விற்றது. பெட்டியும் கடை அலமாரியும் போனபின் முழு விலைக்கேற்ற பருமன் என்ற கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

தமிழ் வாசகர் இந்த விவாதத்துக்கு அந்நியர் இல்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா' கண்டிப்பான பொருளில் விஷுவல் நாவல் இல்லை, சமையல் புதிர்களோடு கூடிய கதை. ஆனால் அதன் உயிர் உரையாடலில்தான் இருக்கிறது. 1980களில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி, அங்கே பிறந்து வளரும் மகன் கவின், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்த சமையல் குறிப்பேடு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 15 டாலர் விலைக்கு இது குறைவு என்று குறைப்பட்டவர்கள் உண்டு. 2024இல் பாஃப்டா அதற்கு அறிமுக கேமுக்கான விருதை வழங்கியது.

விலைக்கு நீளம் போதாது என்ற அந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிச் செல்லும் அத்தியாயங்களில் கவின் சட்டென்று வளர்ந்துவிடுகிறான். அவன் தாய்மொழியிலிருந்து விலகிய நாட்களை வாசகர் கூட இருந்து வாழவில்லை. ஸ்டெயின்ஸ் கேட்டின் முதல் பாதி போல இன்னும் ஒரு மணி நேரம் அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தால் பிற்பகுதி இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். ஆனால் இருபது மணி நேர வெண்பாவும் தேவைப்பட்டிருக்காது. குறிப்பேட்டின் அழிந்த வரிகளை ஊகித்து இட்லி வார்த்தெடுக்கும் நிமிடங்களில் மூன்று தலைமுறைகளின் உறவு வந்துவிடுகிறது. அதை நீட்டியிருந்தால் வெறும் சமையல் பயிற்சியாகியிருக்கும்.

தமிழில் இப்படி எழுத நினைப்பவருக்கு ஒரு தொழில்நுட்பத் தடை வெகுகாலம் இருந்தது. 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரென்'பை என்ற மென்பொருளில்தான் உலகெங்கும் தனி ஆட்கள் விஷுவல் நாவல் செய்கிறார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே மாதத்தில் ஒரு கதையை முடிக்கும் நானோரென்ஓ என்ற முயற்சியும் அதைச் சுற்றி வளர்ந்ததுதான். ஆனால் தமிழின் கொம்பும் காலும் எழுத்தோடு சரியாக ஒட்டிக்கொள்ளத் தேவையான எழுத்துரு வசதி அதில் இல்லாமலிருந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 8.2 பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைச் சேர்த்து, பிராமி வழி வந்த எழுத்துகளுக்கான அந்த வசதியைத் தந்தது. இனி கதையை ஆரம்பிக்கலாம். முதல் முயற்சிக்கு ஐம்பது மணி நேரம் வேண்டாம். இரண்டு மணி நேரக் கதை ஒன்றை எழுதி, அதில் மெதுவாகப் போகும் ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஒரு வேலை வைத்து, முழுதாக முடித்து வெளியிடுங்கள்.